வம்சமும் வாழ்விடமும்: குழந்தைகளின் இரைப்பு நோய் குறித்து

(மைசூரு, மண்டியா மாவட்டத் தமிழ்த் தோழர்களுக்காக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடைபெற்ற வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடுகிற இந்தத் தீவுக்குப் பேச வருகிறவர்கள் வழக்கமாகத் திப்புவில் தொடங்கித் திப்புவில் முடிப்பார்கள். நானும் அவ்வாறே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். ஆனால் வகுப்புக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று உங்கள் செயலாளரிடம் தொலைபேசியில் கேட்டபோது, "பெண் தோழர்களில் பாதிப்பேர் வருவது சந்தேகம், தோழர். பனி தொடங்கிவிட்டது, குழந்தைகளுக்கு இழுப்பு" என்றார். அப்படியானால் அதையே தலைப்பாக வைத்துக்கொள்வோம், குழந்தைகளையும் அழைத்து வரச் சொல்லுங்கள் என்றேன். பின்வரிசையில் சில சிறுவர்கள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். ஓடட்டும். ஓட முடிகிற நாளில் ஓடத்தான் வேண்டும்.

நான் மருத்துவன் அல்லன். தமிழில் முதுகலை படித்துவிட்டு, ஆங்கிலத்தில் வரும் தீர்மானங்களையும் அறிக்கைகளையும் தமிழாக்குவதையே கட்சிப் பணியாகச் செய்து வருகிறவன். மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு தண்டனையுண்டு: தனக்குப் புரியாத துறையின் எழுத்தையும் சொல் விடாமல் படித்தாக வேண்டும். மக்கள் நலவாழ்வு குறித்த கட்டுரைகளை அவ்வாறு படித்ததில் எனக்குக் கிடைத்தவற்றைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். இன்னொரு தகுதியும் உண்டு. இந்நோய் என் வீட்டில் இருந்தது.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். இரைப்பு, ஈளை, இழுப்பு என்று தமிழில் பல சொற்கள் இருக்கின்றன. இங்கே கன்னடத்தில் உப்பச என்றும், பேச்சில் தம்மு என்றும் சொல்கிறார்கள். மூச்சுக்குழல்களின் உட்சுவர் நாட்பட அழன்று வீங்கியிருப்பதும், ஏதேனும் ஒன்று தூண்டும்போது அக்குழல்களைச் சுற்றியுள்ள தசை இறுகிக் காற்றின் வழி குறுகுவதுமே ஆஸ்துமா. ஆனால் பெற்றோர் எவரும் அந்தச் சொல்லைக் கேட்க விரும்புவதில்லை. அதனால் "லேசான வீசிங்" என்கிறோம். பெண் குழந்தையென்றால் அந்த லேசான வீசிங்கும் வெளியே போகாது. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது? பள்ளிக்கூடத்துக்கும் சொல்லாமல், பக்கத்து வீட்டுக்கும் சொல்லாமல், தேவைப்படும் மருந்தையும் பிறர் கண்ணில் படாமல் கொடுத்து வளர்க்கிறோம். இந்த மறைப்புக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இது இரத்தத்தில் வருவது, வம்சத்தின் கறை என்பதே அந்த நம்பிக்கை.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆகின்றன. நள்ளிரவுக்குப் பின் எழுந்து உட்கார்ந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குப் போராடுவாள். விலா எலும்புகளுக்குக் கீழே தோல் குழிந்து குழிந்து எழும். என் தாயார் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "நம்ம வம்சத்துல யாருக்கும் இந்தச் சீக்கு கிடையாது. இது அவ அம்மா வீட்டுச் சீதனம்." என் மாமனாருக்கு இரைப்பு இருந்தது உண்மை. என் துணைவியார் பதில் பேசவில்லை. பகலெல்லாம் பெண் விடுதலை குறித்த ஆவணத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்த நானும் பேசவில்லை.

பின்னர் ஓர் அரசு மருத்துவமனையில் மகளைப் பரிசோதித்த மருத்துவ அம்மையார் வம்சத்தைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார். வீட்டைப் பற்றி ஏழெட்டுக் கேள்விகள் கேட்டார். எத்தனை அறை, அடுப்பு எங்கே, சுவரில் ஈரம் உண்டா, யார் புகைபிடிப்பது? அறை ஒன்றுதான். இரவில் மகள் தூங்கும் கட்டிலுக்கு நான்கடி தள்ளி அமர்ந்து, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பது என் வழக்கம். பீடி இல்லாமல் கட்சிக்காரன் எழுத முடியாது என்று நம்பிய காலம் அது. சுயவிமர்சனம் என்ற சொல்லை நூறு முறை தமிழாக்கியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது அந்த மருத்துவமனை வராந்தாவில்தான். பீடியை விட்டேன். மகளின் இழுப்பு அதனால் அடியோடு நின்றுவிடவில்லை. இரவுகள் குறைந்தன, ஆஸ்பத்திரிக்கு ஓடுவது குறைந்தது. மாமனாரா, பீடியா என்ற கேள்வி மட்டும் நெடுநாள் என்னிடம் தங்கிவிட்டது. இன்றைய உரை அந்தக் கேள்விக்கு நான் கண்ட விடையே.

மரபின் பங்கை முதலில் ஒப்புக்கொள்வோம். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரையும் வெவ்வேறு கருமுட்டைகளிலிருந்து பிறந்த இரட்டையரையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பலவும், ஆஸ்துமாவில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் பாதிக்கும் மேற்பட்டது மரபுவழி வருவது என்கின்றன. குழந்தைப் பருவத்தில் தொடங்கும் ஆஸ்துமாவில், வளர்ந்தபின் தொடங்குவதைவிட மரபின் கை ஓங்கியிருக்கிறது. 2007இல் 17ஆம் குரோமோசோமின் ஒரு பகுதிக்கும் குழந்தை ஆஸ்துமாவுக்கும் தொடர்பிருப்பதைக் கண்டார்கள், ஓ.ஆர்.எம்.டி.எல்.3 என்ற மரபணு அங்கே இருக்கிறது. அதற்குப் பின் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் அடையாளம் காணப்பட்டுவிட்டன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. ஆகவே ஆஸ்துமாவுக்கென்று ஒற்றை மரபணு கிடையாது. தாய்வழியில் சில, தந்தைவழியில் சில என்று எல்லார் உடம்பிலும் சிதறிக் கிடப்பவைதாம் அவை. "எங்கள் வம்சத்தில் கிடையாது" என்று என் தாயாரைப் போல் எவரும் மார்தட்ட முடியாது.

இதை ஒப்புக்கொள்வதில் நம் இயக்கத்துக்கு ஒரு பழைய தயக்கம் உண்டு, அதை மறைப்பானேன்? மரபணு என்றாலே பூர்ஷ்வா விஞ்ஞானம் என்று ஒதுக்கிய ஒரு காலம் இருந்தது. 1948 ஆகஸ்டில் மாஸ்கோவில் லைசென்கோவின் கொள்கை அதிகாரபூர்வமாக்கப்பட்டது. அதற்கு முன்பே, உலகெங்கும் அலைந்து பயிர் விதைகளைச் சேகரித்த வாவிலோவ் 1943இல் சிறையில் மாண்டுபோனார். சூழலை மாற்றினால் எதையும் எதுவாகவும் ஆக்கிவிடலாம் என்ற எண்ணம் கேட்பதற்குப் புரட்சிகரமாக இருந்தது, வயலில் விளையவில்லை. அதே காலத்தில் பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்த ஜே.பி.எஸ். ஹால்டேன் உலகின் தலைசிறந்த மரபியலாளருள் ஒருவர். லைசென்கோ விவகாரத்தின் பின் கட்சியைவிட்டு விலகினார். 1957இல் இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டின் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். பிறவியின் பங்கு எவ்வளவு, வளர்ப்பின் பங்கு எவ்வளவு என்று எல்லாச் சூழலுக்கும் பொதுவாக ஒரு கணக்குப் போட முடியாது. ஒன்றின் விளைவு மற்றொன்றைப் பொறுத்தே அமைகிறது என்பது அவர் வலியுறுத்திய கருத்து. இயக்கவியலை நாம் வகுப்பெடுக்கிறோம். அவர் அதை உயிரியலில் கணக்காக எழுதிக் காட்டினார்.

உழவர் தோழர்கள் நிறைய இருப்பதால் வயலை வைத்தே சொல்கிறேன். விஸ்வேஸ்வரையா கால்வாயின் தலைமடையில் ஒரு வயல். நீரும் உரமும் எங்கும் ஒன்றுபோல் பாய்கின்றன. அங்கே ஒரு நாற்று உயரமாகவும் அடுத்தது குட்டையாகவும் இருந்தால், அது விதையின் வேற்றுமை. அதே விதைமூட்டையைப் பிரித்துக் கடைமடையில் நீர் எட்டாத வயலில் விதையுங்கள். அங்கேயும் உயரம் குட்டை உண்டு, அதுவும் விதையினால்தான். ஆனால் கடைமடைப் பயிர் முழுவதும் தலைமடைப் பயிரைவிடக் குன்றி நிற்கிறதே, அதற்கும் விதையையா குறை சொல்வீர்கள்? மதகைப் போய்ப் பார்ப்பீர்கள். ஆஸ்துமாவும் அப்படித்தான். ஒரு வகுப்பறையில் எந்தக் குழந்தைக்கு இழுப்பு வரும் என்பதில் மரபு பெரும்பங்கு பேசுகிறது. அந்த வகுப்பறையில் எத்தனை குழந்தைகளுக்கு வரும் என்பதைச் சூழல் பேசுகிறது. பாதிக்கும் மேல் மரபு என்ற இரட்டையர் கணக்கு முதற் கேள்விக்கு உரியது. அதை எடுத்து இரண்டாம் கேள்விக்கு விடையாக வைப்பதில்தான் ஏமாற்று நடக்கிறது.

இதற்கு வெளிநாட்டுச் சான்று தேடவேண்டியதில்லை. இங்கிருந்து சில மணிப் பயணத்தில் பெங்களூரு இருக்கிறது. அங்கே குழந்தை மருத்துவர் எச். பரமேஷ், தம் மருத்துவமனைக்கு வந்த 18 வயதுக்குட்பட்ட 20,000 குழந்தைகளின் கணக்கை ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தார். ஆஸ்துமா இருந்தவர்கள் 1979இல் 9 விழுக்காடு. 1984இல் 10.5, 1989இல் 18.5, 1994இல் 24.5, 1999இல் 29.5. மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு ஆகையால் இதை நகரம் முழுவதற்கும் அப்படியே பொருத்தக்கூடாது. ஆனால் ஏறுமுகத்தைப் பாருங்கள். மரபணுக்கள் ஒரு நகரத்தில் இருபதாண்டில் மூன்று மடங்காக மாறுவதில்லை. அந்த இருபதாண்டில் மாறியவை பெங்களூரின் சாலைகள், வண்டிகள், ஆலைகள், மக்கள் நெருக்கம்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. 12 பள்ளிகளில் 6 முதல் 15 வயது வரையிலான 6,550 பிள்ளைகளைப் பார்த்தார். போக்குவரத்து குறைந்த பகுதிப் பள்ளிகளில் 11.15 விழுக்காடு. போக்குவரத்து மிகுந்த பகுதிகளில் 19.34. அதே நெரிசல் மிகுந்த பகுதிகளில் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் 31.14. கிராமப்புறத்தில் 5.7. இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். புகை எல்லாருக்கும் பொது, காற்றுக்கு வர்க்கம் இல்லை என்று எவரேனும் சொன்னால் எடுத்துக் காட்டலாம். ஒரே சாலை ஓரம். ஆனால் ஒருவன் சன்னலைச் சாத்திக்கொள்ளும் வீட்டில் வாழ்கிறான், இன்னொருவன் சாலையே முற்றமாகிய குடிசையில் வாழ்கிறான்.

மரபும் சூழலும் எவ்வாறு கை கோத்துக்கொள்கின்றன என்பதற்கு அந்த 17ஆம் குரோமோசோமுக்கே திரும்புவோம். 2008இல் பிரான்சுக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, அங்கே உள்ள மாறுபாட்டால் வரும் அபாயம், சிறுவயதில் புகையிலைப் புகையை நுகர்ந்த பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்பட்டது. பின்னர் ஐரோப்பிய நாட்டுப்புறங்களில் செய்த ஆய்வில், அதே மாறுபாட்டைச் சுமந்த குழந்தைகள் கால்நடைத் தொழுவத்தோடு ஒட்டி வளர்ந்தபோது அவர்களுக்கு மூச்சிரைப்பு குறைந்திருந்தது. ஒரே எழுத்து, பீடி உள்ள வீட்டில் ஒரு விதமாகவும் மாடு உள்ள வீட்டில் வேறு விதமாகவும் வாசிக்கப்படுகிறது. என் கேள்விக்கு இங்கேதான் விடை கிடைத்தது. மாமனாரா, பீடியா என்று நான் கேட்டதே பிழை. மாமனார் கொடுத்ததை எழுப்பிவிட்டது என் பீடி. மாமனார் கொடுத்ததை நான் திருப்பியனுப்ப முடியாது, பீடியை அணைத்திருக்கலாம்.

அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு வேளாண் சமூகங்கள். இரண்டும் ஐரோப்பாவின் ஒத்த வம்சாவளியினர். உணவும் வாழ்க்கையும் ஏறக்குறைய ஒன்று. ஆமிஷ் மக்கள் வீட்டையொட்டி மாடு வளர்த்துப் பழைய முறையில் உழுகிறார்கள். ஹட்டரைட்டுகள் பெரிய இயந்திரப் பண்ணை நடத்துகிறார்கள். ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா 5 விழுக்காட்டளவு, ஹட்டரைட் பிள்ளைகளில் 21 விழுக்காட்டளவு என்று 2016இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. ஜெர்மனி இணைந்த நாட்களில் எரிகா வான் முட்டியஸ் என்ற மருத்துவர், கிழக்கின் லைப்சிக்கில் மேற்கின் மூனிச்சைவிட ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் குறைவு என்று கண்டார். இதைக் கேட்டு உடனே கைதட்டிவிடாதீர்கள், தோழர்களே. லைப்சிக்கின் நிலக்கரிப் புகையால் அங்கே பிள்ளைகளுக்கு மார்ச்சளி நோய் கூடுதலாக இருந்தது. சோஷலிசத்தின் நற்சான்றாக அதைக் கொள்ள முடியாது. ஒரே இனம், ஒரே மொழி, நாற்பதாண்டு இரு வேறு வாழ்க்கை, இரு வேறு நோய்க்கணக்கு என்பதை மட்டும் கொள்ளலாம்.

அழுக்கில் வளர்ந்தால் நல்லது என்ற முடிவுக்கும் தாவிவிடக்கூடாது. தொழுவத்து நுண்ணுயிர் வேறு, சாக்கடையும் புகையும் வேறு. அந்தக் கருத்தை வசதியாகத் திரித்துச் சேரிக் குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம் என்று பேசுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். 31.14 என்ற எண் அவர்களுக்கான பதில்.

இனி இந்த ஊருக்கு வருவோம். நெல்வயலும் கால்வாயும் சூழ்ந்த ஊர். கொசு இல்லாத மாலை இல்லை. காற்றோட்டமற்ற அறையில் கொசுவத்திச் சுருளை ஏற்றி, கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையைத் தூங்க வைக்கிறோம். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்து வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. பீடியை விட்ட நான் சுருளை விட மேலும் பத்தாண்டு எடுத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வலை கட்டுவது எளிது என்று சொல்லலாம். ஆறு பேர் படுக்கும் ஓர் அறையில் எத்தனை வலையை எங்கே கட்டுவது? ஆகவே இது வீட்டுப் பிரச்சினையாகத் தொடங்கிக் குடியிருப்புப் பிரச்சினையாகவும் தேங்கிய நீரை அகற்றாத உள்ளாட்சியின் பிரச்சினையாகவும் விரிகிறது.

மைசூரு ஊதுவத்திக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதைச் சுருட்டும் பெண்களுக்கு என்ன உண்டு என்பதை இங்குள்ள பெண் தோழர்கள் என்னைவிட நன்கறிவார்கள். கரித்தூளையும் ஜிகட் தூளையும் பிசைந்து, ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வேலை. பட்டறை என்பது வீடுதான். தாய் சுருட்டுகிறாள், குழந்தை அந்தத் தூளுக்குள் தவழ்கிறது. ஆலைத் தொழிலாளி தூசியை ஆலையில் விட்டுவிட்டு வீடு திரும்ப முடியும் என்ற சொற்ப ஆறுதல்கூட இவளுக்கு இல்லை.

விறகடுப்பைப் பற்றி மைசூரிலேயே ஆய்வு நடந்திருக்கிறது. ஜே.எஸ்.எஸ். மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், சுற்றுவட்டாரக் கிராமப் பெண்கள் ஒரு நாளில் அடுப்பின் முன் இருக்கும் மணிகளை அவ்வாறு சமைத்த ஆண்டுகளால் பெருக்கி ஒரு குறியீட்டெண் கணக்கிட்டார்கள். அது 60ஐ எட்டும்போது நாட்பட்ட மார்ச்சளி நோயின் அபாயம் தெளிவாகத் தென்படுகிறது என்றார்கள். நாளுக்கு மூன்று மணி, இருபது ஆண்டு. பதினெட்டு வயதில் அடுப்படிக்கு வந்தவளுக்கு 38 வயதில் கணக்கு நிறைந்துவிடும். அந்த இருபதாண்டில் அவள் இடுப்பில் இருந்த பிள்ளைகளும் அதே புகையைத்தான் சுவாசித்தன. எரிவாயு இணைப்புக் கொடுத்த புகைப்படங்கள் எங்கும் தொங்குகின்றன. இரண்டாவது சிலிண்டருக்குப் பணம் இல்லாதபோது அடுப்பு மீண்டும் விறகுக்குத் திரும்புவதை எவரும் படம் பிடிப்பதில்லை.

அறுவடைக்குப் பின் கரும்புச் சோகைக்கு வயலிலேயே தீ வைப்பதும், வெல்ல ஆலைகளின் புகையும், கல் அரைக்கும் ஆலைகளின் தூசியும் நீங்கள் அன்றாடம் காண்பவை. சோகையை எரிக்கும் உழவரை எதிரியாக்கும் பேச்சை நாம் ஏற்கவேண்டியதில்லை. அதை அள்ளவும் மடக்கி உழவும் ஆகும் கூலியை எவர் தருவது என்பதே கேள்வி. பார்த்தீனியத்தையும் ஒரு சொல் சொல்லவேண்டும். அமெரிக்கக் கோதுமையோடு வந்ததென்று நம் மேடைகளில் சொல்லி மகிழ்கிறோம். அது முழுக்கச் சரியா என்பதில் தாவரவியலாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதன் மகரந்தம் ஒவ்வாமை தரும் என்பதில் இல்லை. பள்ளி மைதானத்தைச் சுற்றி அது பூத்து நிற்பதை வரும் வழியில் பார்த்தேன்.

இவையெல்லாம் மாற நாளாகும். இன்றிரவு மூச்சு விடமுடியாத குழந்தைக்கு என்ன செய்வது? இங்கேதான் நம்மிடம் மிகப் பெரிய குறை. மைசூரு உட்பட இந்தியாவின் ஒன்பது இடங்களில் பள்ளிப் பிள்ளைகளையும் பெற்றோரையும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. அதில் மூச்சிரைப்பு இருந்த பிள்ளைகளின் விகிதம் பழைய பெங்களூருக் கணக்கைவிட மிகக் குறைவு. நாம் மகிழலாம். ஆனால் மூச்சிரைப்பு உள்ளவர்களில் 82 விழுக்காட்டினருக்கு அது ஆஸ்துமா என்று எவரும் சொல்லியிருக்கவில்லை. ஆஸ்துமா என்று சொல்லப்பட்டவர்களிலும் பத்தில் ஒருவர்கூட நாள்தோறும் உறிஞ்ச வேண்டிய ஸ்டீராய்டு மருந்தை எடுத்துக்கொள்ளவில்லை. உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் எட்டில் ஒருவர் இந்தியர். ஆஸ்துமாவால் இறப்பவர்களிலோ பத்தில் நால்வர் இந்தியர் என்று மதிப்பிடப்படுகிறது. நம் மரபணுக்கள் அவ்வளவு கொடியவை அல்ல. மருந்து கைக்கு வராததன் கணக்கு அது.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும், கடைசி மருந்து அது என்ற அச்சம் படித்தவர்களிடமும் இருக்கிறது. உண்மையில் நேரே மூச்சுக்குழலுக்குச் செல்வதால் மிகச் சிறிய அளவே போதுமானது. மாத்திரையாகவும் ஊசியாகவும் உடம்பெங்கும் பரவுவதைவிடப் பாதுகாப்பானது. இழுப்பு வந்தபோது குழலை விரிக்க ஒன்று, வராமல் அழற்சியைத் தணிக்க மற்றொன்று என இரண்டு உண்டு. முதலாவதை மட்டும் கடையில் வாங்கி அடித்துக்கொண்டிருப்பதால்தான் பல பிள்ளைகள் ஆபத்துக்கு உள்ளாகிறார்கள். சால்பியூட்டமால், புடெசோனைடு இரண்டும் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் ஐதராபாத்தில் பத்தினி குடும்பத்தார் உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து விழுங்கக் கொடுப்பதை நாடி இலட்சம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களை மூடர்கள் என்று ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மருந்து இலவசம், கூட்டம் இருக்கிறது, எவரும் வம்சத்தைக் கேட்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்ஹேலர் அப்படிக் கிடைத்தால் அந்த வரிசை தானே குறையும்.

லண்டனில் எலா கிஸி-டெப்ரா என்ற கறுப்பினச் சிறுமி 2013இல் தன் ஒன்பதாம் வயதில் ஆஸ்துமாவால் இறந்தாள். வண்டிகள் நெரியும் பெருஞ்சாலைக்கு அருகில் அவள் வீடு. அவளுடைய தாய் விடாமல் போராடினார். இரண்டாம் முறை நடந்த மரண விசாரணையில், 2020 டிசம்பரில், காற்று மாசும் அவள் சாவுக்கு ஒரு காரணம் என்று அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. குழந்தையின் நோய்க்குத் தாயின் வம்சத்தைத் தேடும் நம் வழக்கத்தையும், குழந்தையின் சாவுக்குச் சாலையைப் பொறுப்பாக்கிய அந்தத் தாயையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

பிறப்பே விதி என்று சொல்லிச் சொல்லித்தான் இந்நாட்டில் மலம் அள்ளுவதைச் சிலருக்கும் மந்திரம் ஓதுவதைச் சிலருக்கும் எழுதி வைத்தார்கள். அதை எதிர்க்கும் நாம், வீட்டுக்குள் மருமகளிடம் மட்டும் இரத்தக் கணக்குப் பார்க்கிறோம்.

உங்கள் செயலாளரோடு பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். தமிழிலும் கன்னடத்திலும் ஒரு பக்கப் படிவம் தயாராகிறது. கிளைத் தோழர்கள் தத்தம் தெருவில் வீடு வீடாகச் சென்று, குழந்தைக்கு இரவில் இருமலோ இழுப்போ உண்டா, அறைகள் எத்தனை, அடுப்பு எது, கொசுவத்தி உண்டா, வீட்டில் என்ன வேலை நடக்கிறது, இன்ஹேலர் கொடுத்தார்களா, எங்கே வாங்கினார்கள் என்று கேட்டு எழுதவேண்டும். தாத்தா, பாட்டிக்கு இருந்ததா என்ற கேள்வியும் கடைசியில் உண்டு; அதையும் விடாமல் கேளுங்கள், ஆனால் தாய்வழி, தந்தைவழி இரண்டையும் கேளுங்கள். கணக்குச் சேர்ந்ததும் அதை எடுத்துக்கொண்டு வட்டார மருத்துவ அலுவலரைச் சந்திப்பதாக முடிவு. படிவத்தின் தமிழ் வடிவத்தில் "வீசிங்" என்று போடுவதா "இரைப்பு" என்று போடுவதா என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. நான் இரைப்பு என்கிறேன். மாதர் சங்கத் தோழர்கள் வீசிங் என்றால்தான் வீட்டில் பதில் சொல்வார்கள் என்கிறார்கள். அவர்கள் சொல்வதே சரியாக இருக்கும். இரண்டையும் போட்டுவிடுவோம்.